இரண்டு விடியல்களும் ஒரு நீண்ட இரவும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஸ்வான் ஆற்றங்கரையில் கிராலி என்றொரு பகுதி இருக்கிறது. 1943-இன் நடுவிலிருந்து இரண்டு ஆண்டுகள், அந்த ஆற்று நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கடல்விமானம் எழும்பிப் போகும். எங்கே போகிறது என்பது இரகசியம். ஏறுகிறவர்கள் அதிகம் போனால் மூன்று பேர். அவர்களோடு 69 கிலோ தபால். விமானம் தூக்கக்கூடிய மற்ற எடையெல்லாம் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். மறுநாள் அது இலங்கையின் தென்கரையில், காலிக்குத் தென்கிழக்கே, கொக்கல களப்பில் வந்து இறங்கும். நடுவில் சுமார் 5,650 கி.மீ. இந்தியப் பெருங்கடல். கடக்க 27 முதல் 33 மணி நேரம் ஆயிற்று. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்தது. இறங்கிய பயணிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: ‘இரட்டை விடியலின் இரகசியச் சங்க’த்தில் அவர் உறுப்பினராகிவிட்டார் என்று.

2018 மார்ச் 24, சனிக்கிழமை மாலை. அதே பெர்த். குவான்டாஸ் நிறுவனத்தின் போயிங் 787-9 விமானம், 236 இருக்கைகளோடு, மேற்கு நோக்கிக் கிளம்பியது. 14,498 கி.மீ. பறந்து, பதினேழு மணி நேரம் கழித்து, உள்ளூர் நேரம் காலை ஐந்து மணியளவில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் எங்கும் நிற்காமல் இணைத்த முதல் பயணிகள் சேவை இதுதான். பெர்த்தில் மாலை வெளிச்சம் மங்கும்போது கிளம்பி, லண்டனில் விடிவதற்கு முன் சேர்ந்துவிட்டது. சூரியனுக்கு முன்னால் மேற்கே ஓடியதால், பயணம் முழுவதும் ஒரே இரவாக நீண்டது.

அன்று இரண்டு விடியல். இன்று ஒரு நீண்ட இரவு. பூமி சுருங்கவில்லை, கடலும் அகலம் குறையவில்லை. ஊரை விட்டுப் போனவர் ஊருக்குத் திரும்பும் வழிதான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு எத்தனை பேர் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் ‘பதினேழு மணி நேரம்’ என்ற சொல்லின் கனம் தெரியும்.

மூங்கில் பாய் விரித்த ஓடுபாதை

ஒரு பூகோள உருண்டையை எடுத்து, லண்டன் மேல் நூலின் ஒரு நுனியையும் சிட்னி மேல் மறு நுனியையும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே குறுக்குவழியில் படிந்துகொள்ளும். அந்த நூலின் நீளம் சுமார் 17,000 கி.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆகையால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 20,000 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. லண்டனும் சிட்னியும் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெருநகரங்கள். ஒரு குடும்பம் பிரிந்து இதைவிட அதிகத் தொலைவில் வாழ்வது இந்தப் பூமியில் கடினம்.

முதல் உலகப்போர் முடிந்த மறு வருஷம், 1919-இல், ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியருக்குப் பத்தாயிரம் பவுண்டு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும், வாலி ஷியர்ஸ், ஜிம் பென்னட் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் நவம்பர் 12 அன்று ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. பனியும் மழையும் நேராக முகத்தில் அடிக்கும். கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறினார்கள். ஜாவாவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. உள்ளூர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. டிசம்பர் 10 அன்று டார்வின் போய்ச் சேர்ந்தபோது 28 நாள் ஆகியிருந்தது. வானில் இருந்தது மட்டும் சுமார் 136 மணி நேரம்.

அதே போட்டியில் கிளம்பிய வேறு இரண்டு விமானங்களில் இருந்த நான்கு பேர் இறந்துபோனார்கள். ஒரு விமானம் லண்டன் புறநகரைத் தாண்டுவதற்குள் விழுந்தது. இன்னொன்று கிரேக்கத்தின் கோர்ஃபு தீவருகே கடலில் விழுந்தது. வெற்றி பெற்ற விமி இன்றும் அடிலெய்டு விமான நிலையத்தில் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டிய விமானம் அது.

ஊரே விளக்கு பிடித்த இரவு

1934-இல் மெல்பர்ன் நகரின் நூற்றாண்டு விழாவை ஒட்டி இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கென்றே கட்டிய டி ஹாவிலண்ட் காமெட் விமானம் ஏறக்குறைய 71 மணி நேரத்தில் வந்து முதலிடம் பிடித்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டாவதாக வந்த விமானத்தின் கதை. அது கே.எல்.எம். நிறுவனத்தின் சாதாரணப் பயணிகள் விமானம், டக்ளஸ் டிசி-2; பெயர் ‘ஆய்வர்’. பயணிகளையும் தபாலையும் அது சுமந்து வந்தது.

மெல்பர்னுக்குச் சில நூறு கிலோமீட்டர் முன்னால், நள்ளிரவில், இடிமழையில் அது வழி தவறிவிட்டது. ஆல்பரி என்ற சிறு நகரத்துக்கு மேல் அது சுற்றிச் சுற்றி வரும் சத்தத்தை மக்கள் கேட்டார்கள். நகராட்சிப் பொறியாளர் ஊரின் தெருவிளக்குகளை மொத்தமாக அணைத்து அணைத்து ஏற்றி, மோர்ஸ் குறியீட்டில் ஊரின் பெயரை எழுத்தெழுத்தாக வானத்துக்குச் சொன்னார். உள்ளூர் வானொலியில் ஓர் அறிவிப்பு: கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வாருங்கள். வந்த கார்கள் வரிசையாக நின்று முகப்பு விளக்குகளை ஏற்றின. அந்த வெளிச்சத்தில் விமானம் பத்திரமாக இறங்கியது. விடிந்ததும் சேற்றில் சிக்கிய விமானத்தை ஊர்மக்கள் கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அது மறுபடி பறந்து மெல்பர்ன் போய் இரண்டாமிடம் பெற்றது.

தூரத்தைக் குறைத்தவர்கள் என்று விமானிகளையும் பொறியாளர்களையும் மட்டும் சொல்வது நியாயமில்லை. சுரபாயாவில் பாய் விரித்தவர்களும், தூக்கத்திலிருந்து எழுந்து கார் எடுத்துவந்த ஆல்பரிக்காரர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

வழியில் ஊர்கள் இருந்த காலம்

1935 ஏப்ரலில் லண்டன்–பிரிஸ்பேன் பயணிகள் சேவை தொடங்கியது. பயணம் பன்னிரண்டரை நாள், கட்டணம் 195 பவுண்டு. பயணம் முழுவதும் விமானம் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் வான்வழிக்கு அனுமதி கிடைக்காததால் பாரிஸிலிருந்து பிரிண்டிசி வரைக்கும் பயணிகள் ரயிலில் போனார்கள்.

1938-இல் பெரிய கடல்விமானங்கள் வந்தன. சவுத்தாம்ப்டனில் தண்ணீரிலிருந்து எழும்பி, ஒன்பது பத்து நாளில் சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவில் இறங்கின. பயணிகள் பதினைந்து பேர்தான். எழுந்து நடக்கவும், ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கவும் இடம் இருந்தது. தாழப் பறந்ததால் கீழே யானைக் கூட்டமும் படகுகளும் கண்ணுக்குத் தெரியும். இரவில் பறப்பதில்லை, ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, ஓட்டலில் தங்கி, காலையில் மீண்டும் கிளம்புவார்கள். அலெக்சாண்ட்ரியா, பாஸ்ரா, கராச்சி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு என்று அந்த வழி நீண்டது. துபாயின் கழிமுகத்திலும் இந்தக் கடல்விமானங்கள் இறங்கின. அன்று அது முத்துக்குளிக்கும் சிறு துறைமுகம்; இன்று உலகின் பாதிப் பேர் விமானம் மாறும் இடம்போல் ஆகிவிட்டது. அலகாபாத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவில் ஒரு படிக்கட்டாக இருந்த ஊர், அந்தப் பெரிய பாதையிலிருந்து சத்தமில்லாமல் நழுவிப்போயிற்று.

அந்தப் பயணத்தை வசதியானவர்களால்தான் செய்ய முடிந்தது. மற்றவர்களுக்குக் கப்பல், ஐந்தாறு வாரம். ஆனாலும் அந்தப் பயணி தன் ஊருக்கும் போகிற ஊருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே போனார். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, சாப்பாட்டின் வாசனை மாறியது, பேச்சு மாறியது. உடம்பும் மனசும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தன. பதினேழு மணி நேரத்தில் இறங்குகிறவருக்கு அது வாய்ப்பதில்லை. உடம்பு லண்டனில் நிற்கும்போது தூக்கம் இன்னும் பெர்த்தில் இருக்கிறது.

கொக்கல

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்த ஒரு நாளில் பாதை நடுவே அறுந்தது. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் வான்வழியாக ஒன்றையொன்று எட்ட முடியாமல் போயின.

அறுந்த நூலை முடிய மிச்சம் இருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டும்தான். கொக்கலவில் பிரிட்டிஷ் விமானப்படை தளம் அமைத்திருந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. தளத்துக்காக அந்த ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து ரோந்து போன கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால்தான் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தவர். அதே களப்புதான் மறு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கான வாசலாயிற்று.

குவான்டாஸுக்கு ஐந்து கேட்டலீனா கடல்விமானங்கள் கிடைத்தன. வெகுதூர ரோந்துக்காகக் கட்டப்பட்டவை, ஆனால் மணிக்கு இருநூறு கி.மீ. அளவில்தான் நகரும். அவற்றுக்கு வானத்து நட்சத்திரங்களின் பெயர்களை வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. பொருத்தமான பெயர்கள், ஏனென்றால் வழிகாட்டியதும் நட்சத்திரங்கள்தான். ஜப்பானியர் காதில் விழுந்துவிடும் என்பதால் ரேடியோவில் பேசக்கூடாது. வழி கணிப்பவர் செக்ஸ்டன்ட் கருவியை வைத்து நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து, காகிதத்தில் கோடு போட்டு, விமானம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பானிய விமானங்கள் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். எடையைக் குறைக்க, தேவையற்றதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். குளிரையும் எஞ்சின் இரைச்சலையும் தடுக்கும் உறைகூட உள்ளே இல்லை. விமானத்துக்குள்ளேயே கூடுதல் பெட்ரோல் தொட்டிகள். கிளம்பும்போது இருந்த பாரத்தில், ஓர் எஞ்சின் நின்றால் மற்றதை வைத்துக்கொண்டு பறக்க முடியாது. பெட்ரோல் எரிந்து பாரம் குறையும்வரை, பல மணி நேரம், அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

271 முறை கடந்தார்கள். ஒரு விமானம்கூடக் கடலுக்குப் பலியாகவில்லை.

1944-இல் லிபரேட்டர் என்ற வேகமான விமானங்கள் இதே கடலை சுமார் 17 மணி நேரத்தில் கடக்கத் தொடங்கின. குவான்டாஸ் விமானத்தில் கங்காரு சின்னம் முதலில் வந்தது இந்தச் சேவையில்தான். போர் முடிந்ததும் கேட்டலீனாக்களைக் கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்துவிட்டார்கள்; அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை, ஒப்பந்தப்படி வைத்துக்கொள்ள முடியாதாம். அத்தனை முறை கடலை வென்ற விமானங்கள் கடலுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தன என்று படித்தபோது எனக்குத் தாங்கவில்லை.

நான்கு நாள், பிறகு ஒரு நாள்

1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து ஒரு லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் கிளம்பியது. 29 பயணிகள், 11 ஊழியர்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு இடங்களில் நின்று நான்காம் நாள் லண்டன். கங்காரு துள்ளித் துள்ளிப் போவதுபோல இருந்ததால் ‘கங்காரு வழி’ என்ற பெயர் நிலைத்தது. போய்வரும் கட்டணம் ஒரு சராசரி ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம்.

அதே காலத்தில்தான் பிரிட்டனிலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் பத்துப் பவுண்டு மட்டும் கட்டி ஆஸ்திரேலியாவில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். மீதிச் செலவு அரசுடையது. இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கப்பல் துறையில் கையசைத்த தாய்க்குத் தெரியும், மகனை இனிப் பார்ப்பது சந்தேகம் என்று. அவள் இறந்தால் தந்தி போகும். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மகன் என்ன செய்வான்? கப்பலில் போனால் ஐந்து வாரம். விமானத்தில் போக ஒரு வருஷச் சம்பளம் வேண்டும். மண்ணைக்கூடப் போட முடியாமல் தூரத்திலிருந்தே அழுது தீர்த்த தலைமுறை அது.

1959-இல் போயிங் 707, 1971-இல் 747 என்று ஜெட் விமானங்கள் வந்தபின் நாள்கள் மணிகளாயின. 747 நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் ஏற்றியதால் கட்டணம் இறங்கியது. சம்பளக்காரர்களும் ஊருக்குப் போய்வர முடிந்தது. என் பார்வையில் இந்த நூற்றாண்டுக் கதையின் மிகப் பெரிய திருப்பம் இதுதான். வேகம் கூடியது 1934-லேயே நடந்துவிட்டது. வேகம் எல்லாருக்கும் கிடைக்கத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

1989 ஆகஸ்டில் குவான்டாஸின் புதிய 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமலே 20 மணி 9 நிமிடத்தில் பறந்து காட்டியது. அதற்காக அடர்த்தி கூடிய விசேஷ எரிபொருளை நிரப்பினார்கள். ஓடுபாதை வரைக்கும் இழுவை வண்டி இழுத்துப் போயிற்று, எரிபொருளை மிச்சப்படுத்த. ஆனால் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை. முடியும் என்று காட்டுவதற்கும் தினமும் ஓட்டுவதற்கும் நடுவில் இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. கார்பன் இழை கலந்த இலேசான உடலும் சிக்கனமான எஞ்சின்களும் கொண்ட 787 வந்தபின்தான் பெர்த்–லண்டன் சாத்தியமாயிற்று.

இன்றும் நீளும் தூரம்

தூரத்தை முழுக்க வென்றுவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. பூகோள உருண்டையில் வைத்த நூலை விமானம் அப்படியே பின்பற்ற முடிவதில்லை. முதல் காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று லண்டனிலிருந்து வரும் விமானத்தைத் தள்ளிவிடும். லண்டனுக்குப் போகும் விமானத்தை எதிர்த்து நிற்கும். அதனால் போகும் நேரம் அதிகம், வரும் நேரம் குறைவு.

இரண்டாவது காரணம் மனிதர்கள். 2024-இல் ஈரானைச் சுற்றிய வானில் பதற்றம் கூடியபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று. எரிபொருள் போதாமல் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயிற்று. காற்று சாதகமாக இருந்ததால் திரும்பும் விமானம் மட்டும் நிற்காமல் வந்தது. 1942-இல் அறுந்த நூல் எண்பது ஆண்டு கழித்தும் அதே காரணத்தால் வளைகிறது.

மனிதர்கள் உண்டாக்கும் இந்தத் தூரத்தைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் போன குடும்பங்களுக்கு, கொழும்பு எத்தனை மணி நேரப் பறப்பு என்பது ஒரு கேள்வியாகவே இல்லை. திரும்பிப் போகலாமா என்பதுதான் கேள்வி. ஒரு நாளுக்குள் போகக்கூடிய ஊருக்கு இருபது முப்பது ஆண்டு போகாமல் இருந்தவர்கள் அவர்களில் பலர்.

குவான்டாஸ் அடுத்து சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் பறக்கத் தயாராகிறது. 2022-இல் இதற்காகப் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டியோடு அவை 22 மணி நேரம் வரை வானில் இருக்கும். பயணிகள் எழுந்து கைகால் நீட்ட ஓர் இடம். 1938-இன் கடல்விமானத்தில் இருந்தது திரும்பி வருகிறது. முன்னோட்டமாக 2019-இல் நடந்த நியூயார்க்–சிட்னி, லண்டன்–சிட்னி ஆய்வுப் பறப்புகள் ஒவ்வொன்றும் 19 மணி நேரத்தைத் தாண்டின. அவற்றில் விமானிகளின் மூளை அலைகளையும் பயணிகளின் தூக்கத்தையும் விஞ்ஞானிகள் அளந்தார்கள். எஞ்சின் தாங்கும் என்று தெரியும். மனித உடம்பு தாங்குமா என்பதுதான் இப்போது மிச்சம் இருக்கும் கேள்வி.

அந்தத் திட்டத்துக்குப் பெயர் ‘விடியல்’. கொக்கல களப்புக்கும் ஸ்வான் ஆற்றுக்கும் நடுவில் இரண்டு முறை சூரியனைப் பார்த்தவர்களின் நினைவாக வைத்த பெயர்.

அந்த விமானங்கள் சுமந்த 69 கிலோ தபாலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் போர்க்காலம் அனுமதித்த எடை அவ்வளவுதான். 69 கிலோ என்பது ஏறக்குறைய ஒரு மனிதரின் எடை. இன்று மாலை பெர்த்தில் விளக்கேற்றும் நேரத்துக்கு யாரோ ஒருவர், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அன்று அவருடைய கடிதம் மட்டும் போயிருக்கும். இன்று அவரே போகிறார்; விடிவதற்குள் போய்விடுவார்.